சுழல்துப்பாக்கி உருளைத் தொண்டை அளவீடு

சுழல்துப்பாக்கி உருளைத் தொண்டை அளவீடு என்பது, ரிவால்வர் எனப் பரவலாக அறியப்படும் சுழல்துப்பாக்கியின் உருளையில், ஒவ்வொரு தோட்டா அறைக்கும் முன்புறம் உள்ள குறுகிய துளைப்பகுதியின் உள்விட்டத்தைக் கண்டறிதல் ஆகும். இப்பகுதி தொண்டை எனப்படுகிறது. சுடும்போது தோட்டாவின் உறை அறையிலேயே தங்கிவிடுகிறது. குண்டு மட்டும் தொண்டை வழியாக வெளியேறி, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டிக் குழலினுள் நுழைகிறது. ஆகவே குண்டின் விட்டத்தை முதலில் தீர்மானிப்பது குழலன்று, தொண்டையே.

தேவை

குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட பள்ளங்கள் புரிகள் எனப்படும். எதிரெதிர்ப் பள்ளங்களின் அடிப்பகுதிகளுக்கு இடையிலான தூரம் புரிப்பள்ள விட்டம். தொண்டை இதைவிடச் சிறியதாயின், ஈயக்குண்டு முதலில் நசுக்கப்பட்டுப் பின்னர் குழலில் தளர்வாகச் செல்கிறது. வெப்பவாயு அதன் ஓரமாகக் கசிந்து ஈயத்தை அரிக்க, குழலினுள் ஈயம் படிகிறது, குறியும் பிசகுகிறது. தொண்டை மிகப் பெரியதாயின் குண்டு சாய்ந்து நுழைகிறது. ஈயக்குண்டுகளுக்குத் தொண்டை புரிப்பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ, அதைவிட 0.0005 முதல் 0.001 அங்குலம் வரை (0.013 - 0.025 மில்லிமீட்டர்) பெரியதாகவோ இருத்தல் நன்று எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இந்த அளவின் நுண்மை எளிதில் மனத்தில் பதிவதில்லை. காஞ்சிபுரச் சேலைக்கான பட்டு, சாயமேற்றும் முன் பசை நீக்கப்படுகிறது. அவ்வாறு பசை நீங்கிய ஒற்றைப் பட்டிழையின் தடிப்பு ஏறத்தாழ 10 முதல் 13 மைக்ரான். தொண்டை அளவீட்டில் பிடிபட வேண்டிய வேறுபாடும் இத்தகைய ஓர் இழையளவே.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1915 இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்ட .455 அங்குல வெப்லி மார்க் 6 சுழல்துப்பாக்கிகளில் தொண்டை பெரும்பாலும் குறுகலாகவே காணப்படுகிறது. அதன் குண்டு அடிப்புறம் குழிவானதாதலால், வாயு அழுத்தத்தால் விரிந்து குழலை நிறைத்துக்கொண்டது.

பெயரும் அளவும்

தோட்டாவின் பெயரிலுள்ள எண்ணை அளவாகக் கொள்ளுதல் தவறு. கான்பூர் சிறு படைக்கல ஆலையின் .32 அங்குலச் சுழல்துப்பாக்கி இதற்கு நல்ல சான்று. வெப்லி மார்க் 4 வடிவமைப்பைத் தழுவிய இது ஆறு அறைகள் கொண்டது. 1896 இல் அறிமுகமான.32 சுமித் அண்டு வெசன் லாங் தோட்டாவைப் பயன்படுத்துகிறது. இத்தோட்டா 7.65 மில்லிமீட்டர் எனவும் குறிக்கப்படுகிறது. ஆனால் குண்டின் உண்மையான விட்டம் 0.312 - 0.314 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.92 - 7.98 மில்லிமீட்டர். 7.65 என்ற எண்ணை நம்பித் தொண்டையை அளப்பவர் நல்ல உருளையையும் பழுதானதெனக் கருதிவிடுவார்.

அளவிடும் முறைகள்

அளக்கும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, இயலுமாயின் உருளையைக் கழற்றி, கரியையும் ஈயப்படிவையும் முற்றிலும் நீக்க வேண்டும். படிவின் மேல் எடுக்கும் அளவு, படிவின் அளவே. ஆறு தொண்டைகளும் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து குறித்தல் வேண்டும்.

பள்ளி ஆய்வகங்களில் பழகிய வெர்னியர் அளவி இங்குப் பயன்படாது. அதன் உள்தாடைகளின் விளிம்பு கூர்மையானதன்று. சிறு தட்டைப்பரப்பு உடையது. வளைந்த சுவரில் அப்பரப்பின் ஓரங்கள் மட்டுமே படுவதால், அளவி விட்டத்தைக் காட்டாமல் அதனினும் சிறிய நீளத்தைக் காட்டும். தட்டைப்பரப்பு 0.5 மில்லிமீட்டர் அகலமாயின், 8 மில்லிமீட்டர் துளை 7.984 எனத் தெரியும். இப்பிழை 16 மைக்ரான். தேடும் வேறுபாட்டையே அது விழுங்கிவிடுகிறது.

எளிய, நம்பகமான கருவி பின் கேஜ். இவை விட்டம் அறிந்த, தேய்த்து மெருகேற்றப்பட்ட எஃகு உருளைகள்; சிறு படிகளாக அளவு கூடும் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. நுழையும் மிகப்பெரிய கேஜுக்கும் நுழையாத மிகச்சிறிய கேஜுக்கும் இடையில் தொண்டையின் அளவு அமைகிறது. கேஜை அழுத்தித் திணித்தல் கூடாது. தன் எடையால் அல்லது விரலின் மெல்லிய தள்ளலால் செல்ல வேண்டும். தொண்டை நீள்வட்டமாகவோ கூம்பாகவோ தேய்ந்திருந்தால், கேஜ் அதன் மிகக் குறுகிய அளவை மட்டுமே கூறும் என்பது இம்முறையின் குறை.

மற்றொரு முறை, சற்றுப் பெரிய மென்மையான தூய ஈயத்துண்டை எண்ணெய் தடவித் தொண்டை வழியாகத் தள்ளி, வெளிவந்த துண்டைத் திருகு அளவியால் அளத்தல். கம்பி இழுக்கும் தொழிலில் அச்சுத்துளையின் அளவை அதிலிருந்து வரும் கம்பியைக் கொண்டு அறிவதும் இதே கருத்துதான். துண்டைச் சுழற்றிப் பல இடங்களில் அளந்தால் நீள்வட்டமும் தெரியவரும். குழலுக்கும் இம்முறை பொருந்தும். எனினும் வெப்லியில் உள்ளதுபோல் ஏழு புரிகள் இருந்தால், பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு அமைவதால் சாதாரணத் திருகு அளவி உதவாது; வி வடிவத் தாங்கி கொண்ட அளவி தேவை.

மூன்று முனைகளால் சுவரைத் தொடும் உள்விட்ட மைக்ரோமீட்டர் தானாகவே நடுவில் அமைந்துகொள்ளும். ஆலைகளில் காற்று அளவியும் பயன்படுகிறது. மோட்டார் வாகனத் தொழில் செறிந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள் இவ்வகைக் கருவிகளைத் துப்பாக்கியில் அன்றி எந்திர உருளைகளின் அளவீட்டில் காண வாய்ப்புண்டு.

நீள அளவீட்டுக்கான பன்னாட்டு நியம வெப்பநிலை 20 பாகை செல்சியசு. 40 பாகை வெயிலில் 8 மில்லிமீட்டர் எஃகுத் துளை ஏறத்தாழ 2 மைக்ரான் மட்டுமே விரியும். கேஜும் எஃகாதலால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இவ்வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

சட்டநிலை

குறுகிய தொண்டையைத் துளைசீவியால் பெரிதாக்கலாம். சீவிய உலோகத்தை மீண்டும் சேர்க்க இயலாது. பிழையான அளவை நம்பிச் சீவப்பட்ட உருளைக்கு மாற்றுருளையே வழி. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, சுடுகலன்களை உருவாக்குதல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகிய தொழில்களுக்கு உரிமம் கட்டாயம். கான்பூர் ஆலை 2021 அக்டோபர் 1 முதல், திருச்சிராப்பள்ளி படைக்கல ஆலையுடன் சேர்ந்து, அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.