ஒரு மீட்டர் கம்பு

எங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் ஒரு தேக்குக் கம்பு சாய்ந்து நிற்கிறது. நீளம் ஒரு மீட்டர், துல்லியமாக. அப்பா இழைத்தது. அவர் ரயில்வேயில் கீமேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளக்கிற இரும்பு கேஜ் சர்க்கார் சொத்து; வேலை முடிந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். எழுத்து தெரியாத அப்பாவுக்கு அளவு தெரியும். அந்த இரும்பைப் பார்த்து அதே நீளத்துக்கு வீட்டுக்கென்று ஒரு கம்பு செய்துகொண்டார். பந்தக்கால் நடுவது, கூரைக்கு மூங்கில் வெட்டுவது, பாத்தி பிரிப்பது எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான் அளவுகோல்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டர். அந்தப் பாதையில் எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று தலைமுறை வேலை பார்த்திருக்கிறோம். தாத்தா மண் சுமந்து பாதை போட்டார். பிறகு அவரே அதைப் பிடுங்கவும் போனார். அப்பா திரும்பப் போட்டார். நான் பாதைப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்து மறுபடியும் பிடுங்கினேன். மறுபடியும் போடும்போது நான் வேலையில் இல்லை, ஓய்வு பெற்றிருந்தேன். இந்தப் பாதையின் வரலாற்றை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்தக் குறைதான் காரணம்.

தண்டவாளத்துக்கு அகலம் ஏன் இரண்டு விதமாக வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் இந்தியாவுக்கு ஐந்தரை அடி அகலம் என்று முடிவானது. இன்றைய கணக்கில் 1,676 மில்லிமீட்டர். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் அந்த அகலத்தில்தான் ஓடியது. ரயில் கம்பெனிகள் போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வருமானம் உறுதி என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. லாபம் வராவிட்டால் நம் நாட்டு வரிப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். அந்தச் சுமை ஏற ஏற, இனிப் போடும் பாதைகளைச் சிக்கனமாகப் போடலாம் என்ற எண்ணம் வந்தது. 1870-இல் மேயோ பிரபு ஆட்சியில் மீட்டர் அளவு முடிவானது. அகலம் குறைந்தால் மண்மேடு குறுகும், பாலம் சிறுக்கும், மலை ஓரத்தில் கூர்மையாக வளைக்கலாம். செலவு குறையும்.

சிக்கனம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 1860-களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து திருச்சிக்கு அகலப்பாதைதான் போட்டார்கள். 1875-இல் அதையே மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை, தூத்துக்குடி வரை தெற்குச் சீமை முழுவதும் அந்த ஒரு மீட்டருக்குள் அடங்கிப்போனது. அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கிற திருச்சி மாதிரி ஊர்களில் ஒரு வேகனிலிருந்து இறக்கிய மூட்டையைத் தோளில் சுமந்து அடுத்த வேகனில் ஏற்றினார்கள். சர்க்கார் மிச்சப்படுத்திய பணத்தைத் தொழிலாளியின் தோள் கட்டியது என்றுதான் நான் சொல்வேன்.

போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மேலே மலை, மலையில் ஏலம், காப்பி, தேயிலை. கீழே பருத்தியும் நெல்லும். அதற்கு முன்பே மூணாறு பக்கத்துத் தேயிலைக்காரர்கள் மலை மேல் தங்களுக்கென்று ஒரு சிறு ரயில் வைத்திருந்தார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். அது மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பிறகு வண்டி பூட்டி, போடி வழியாக அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். இன்று நாம் கொடைக்கானல் ரோடு என்று சொல்லும் ஸ்டேஷன் அது. 1924 வெள்ளத்தில் மலை ரயில் அடியோடு போய்விட்டது. நாலு வருஷம் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வந்தது. மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை. இரண்டும் ஒரு நாள்கூட ஒன்றையொன்று பார்க்கவில்லை. டாப் ஸ்டேஷனில் இன்று ஸ்டேஷன் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

தாத்தா ஆண்டிபட்டிக் கணவாயில் மண் சுமந்தவர். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே பாதை மலையைக் குடைந்து போகாமல் பிளந்து போகிறது. பாறையை வெட்டிய பள்ளம், இரண்டு பக்கமும் சுவர். "வெடி வச்சதும் மூணு மலையும் சேந்து பதில் சொல்லும்" என்பார். அவர் கட்டிய பாதையின் ஆயுள் பதினாலு வருஷம். 1942-இல் போருக்கு இரும்பு வேண்டும் என்று நாட்டில் பல கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள். போடிப் பாதையும் அதில் ஒன்று. பிடுங்குகிற வேலையைப் போடிப் பக்கமிருந்து தொடங்கினார்கள் என்று தாத்தா சொல்லுவார். அப்படித்தான் செய்ய முடியும். கழற்றிய தண்டவாளத்தை ஏற்றிக்கொண்டு போவதற்கும் மிச்சமிருக்கிற தண்டவாளம்தான் வழி. ரயில் தன் பாதையைத் தானே முதுகில் சுமந்துகொண்டு மதுரைக்குப் பின்வாங்கிப் போயிருக்கிறது. கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கூலியில் வாங்கிய அரிசி அன்றைக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று பாட்டியிடம் சொன்னாராம்.

போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது. 1951-இல் மூன்று பழைய ரயில்வேக்களைச் சேர்த்துத் தெற்கு ரயில்வே உருவானது. போடிக்கு ரயில் திரும்பியது 1954 வாக்கில். பன்னிரண்டு வருஷம் மண்மேடு மட்டும் சும்மா கிடந்தது. ஆடு மேய்ந்தது, வேலிக்கருவை முளைத்தது. அந்த மேட்டின் மேல் திரும்பப் பாதை போட்ட ஆட்களில் ஒருவராக அப்பா வேலைக்குச் சேர்ந்து, பிறகு கீமேன் ஆனார்.

கீமேன் வேலை என்னவென்று சொல்லவேண்டும், ஏனென்றால் அன்றைக்கு இருந்த மாதிரி அந்த வேலை இப்போது இல்லை. மீட்டர் கேஜில் வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்கள். தண்டவாளத்தை அதில் இறுக்குவது ஆப்பு மாதிரி அடித்து ஏற்றிய இரும்புச் சாவி. ரயில் அதிர அதிரச் சாவி கழன்று வரும். கீமேன் தன் எல்லைக்குள் தினமும் விடியலில் நடக்கவேண்டும். தோளில் நீளப்பிடிச் சுத்தியல், இடுப்புப் பையில் சாவிகளும் ஸ்பேனரும், கையில் சிவப்புக் கொடி, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்க டெட்டனேட்டர் பட்டாசு. ஒரு தண்டவாளத்தை ஒட்டி நடந்து போய், மறு தண்டவாளத்தை ஒட்டித் திரும்புவார். தளர்ந்த சாவிக்கு ஒரு அடி. சத்தத்தைக் கேட்டே இறுகியதா இல்லையா என்று சொல்லுவார். வெயில் காலத்தில் இரும்பு நீளும். இரண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் விட்ட இடைவெளி அடைபட்டால் பாதை நெளியும். சித்திரை மத்தியானத்தில் அப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் காது வெளியே இருக்கும்.

அவருடைய சுத்தியல் சத்தத்தில் வளர்ந்து நானும் ரயில்வேக்குப் போனேன். டிராலியில் உட்கார்ந்து அதே பாதையை நான் பார்த்தபோது, அவர் ஒவ்வொரு அடியாக நடந்து தீர்த்த தூரம் எனக்கு உறைத்தது.

1992-இல் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் தொடங்கியது. அப்போது இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மீட்டர் பாதை இருந்தது. நான் அந்தத் திட்டத்தை முழு மனசோடு வரவேற்றவன். இன்றும் அதில் மாற்றமில்லை. தோளில் மூட்டை மாற்றுகிற அவலம் தீர வேறு வழி கிடையாது. கனமான வேகன், வேகமான எஞ்சின், சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் நேராக வரும் வண்டி எல்லாம் அகலப்பாதையில்தான் முடியும். 1990-களின் கடைசியில் சென்னை–மதுரைப் பாதை மாறியது. போகப் போகப் போடிப் பாதை மதுரையில் முட்டி நிற்கிற துண்டாகிவிட்டது. அதையும் மாற்றியே தீரவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போடி வண்டி நின்றது. பொங்கல் கழிந்து நான் கணவாய்க்குள் போனேன். கியாஸ் கட்டர் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்ப்பிரும்பு ஸ்லீப்பரில் சாவியின் தலை பல வருஷ அடியில் காளான் மாதிரி விரிந்திருந்தது. அந்த எல்லை ஒரு காலத்தில் அப்பாவுடையது. அந்தத் தலையைத் தட்டி விரித்ததில் அவர் கையும் இருந்திருக்கும். அப்பா அப்போது உயிரோடு இல்லை. கணக்கு எழுதுகிற நோட்டில் நீளமும் எடையும் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மனைவி தட்டு வைத்தபோதுதான் தாத்தாவின் அரிசி ஞாபகம் வந்தது.

மீட்டர் பாதையை அகலமாக்குவது என்றால் தண்டவாளத்தைத் தள்ளிப் போடுவது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மண்மேட்டை அகலப்படுத்தவேண்டும். பழைய பாலம் புதிய எடையைத் தாங்காது, மாற்றவேண்டும். மீட்டர் கேஜுக்குச் சரியாக இருந்த வளைவு அகலப்பாதைக்குக் கூர்மை, அதை நிமிர்த்தவேண்டும். கணவாய்ப் பாறையைத் தாத்தா காலத்து வெட்டுக்கு மேல் இன்னும் செதுக்கவேண்டும். பிளாட்பாரத்தை உயர்த்தவேண்டும். ஒவ்வொரு கான்கிரீட் ஸ்லீப்பரும் கால் டன்னுக்குக் குறையாது. ஒரு மீட்டருக்கும் 1,676 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் இரண்டே கால் அடிதான். அந்த இரண்டே கால் அடிக்குப் பின்னால் இத்தனை வேலை.

வேலை பெரிதுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் பிடிக்கிற வேலை அல்ல. பட்ஜெட்டில் வருஷாவருஷம் கிள்ளிக் கொடுத்த பணம்தான் அத்தனை காலத்தைத் தின்றது. ஒரு வருஷம் மண் கொட்டுவார்கள். அடுத்த வருஷம் பணம் இருக்காது. கொட்டிய மண்ணை மழை அரிக்கும். நான் 2013-இல் ஓய்வு பெற்றபோது என் செக்‌ஷனில் பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடு மட்டும் இருந்தது, அப்பா வேலைக்கு வரும் முன் கிடந்த மாதிரி.

அதற்குள் ஊர் பழகிவிட்டது. ரயிலில் குறைந்த காசில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கிழவிகள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். கீரையும் மொச்சையும் ஏற்றிவந்த பெண்கள் அந்த வியாபாரத்தை விட்டார்கள். சீசன் டிக்கெட்டை நம்பி மதுரைக் கல்லூரியில் சேர்ந்திருக்கவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேரோ. மூணாறு மலையில் 2006-இல் குறிஞ்சி பூத்தபோது கீழே மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அடுத்து 2018-இல் பூத்தபோது தண்டவாளமே இல்லை. போர்க்காலத்து இடைவெளிக்கும் பன்னிரண்டு வருஷம், அமைதிக்காலத்து இடைவெளிக்கும் ஏறக்குறைய அதே பன்னிரண்டு. என்னை விடாமல் உறுத்துவது இதுதான். போர் பிடுங்கியதைத் திரும்பப் போட ஏழை நாடு எடுத்துக்கொண்ட அதே காலத்தை, வளர்ந்த நாடு எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

2020-இல் உசிலம்பட்டி வரையும், பிறகு ஆண்டிபட்டி வரையும் சோதனை ஓட்டம் நடந்தது. 2022 மே மாதக் கடைசியில் தேனிக்குப் பயணிகள் வண்டி வந்தது. அதுவரையான 75 கிலோமீட்டருக்கு ஆன செலவு ஐந்நூறு கோடிக்கு மேல். மிச்சம் 15 கிலோமீட்டரும் முடிந்து 2023 ஜூன் 15-இல் போடிக்கு வண்டி போனது. இப்போது போடியில் ஏறினால் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அப்பா காலத்தில் நினைக்க முடியாத வசதி அது. ஐந்நூறு கோடியை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருஷத்துக்கு என்ன விலை போட்டார்கள் என்று மட்டும் கேட்கிறேன். ஒரு பாதையைப் பிடுங்கக் கையெழுத்துப் போடுகிறவர், திரும்பப் போடுவதற்கான முழுப் பணத்தையும் முடியும் தேதியையும் அதே காகிதத்தில் எழுதவேண்டும். இரண்டு தடவை பிடுங்கிய குடும்பத்துக்காரனாக நான் கேட்பது அவ்வளவுதான்.

போடிக்கு வண்டி போன மறுநாள் விடியலில் லெவல் கிராசிங் பக்கம் நடந்து போனேன். தூரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வந்தாள். தோளில் சுத்தியல். கான்கிரீட் ஸ்லீப்பரில் சாவி கிடையாது, கிளிப்தான். தண்டவாளத்தைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டதால் பழைய இணைப்புகளும் குறைவு. ஆனாலும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்று கிளிப்பை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு என் காது தானாகத் திரும்பியது. இறுகித்தான் இருந்தது.