இறக்கத்துக்கு விலை போடும் மென்பொருள்

பி-ரவுட்டர் என்ற இலவச மென்பொருளைப் போனில் போட்டு யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுறதெண்டால் ஒரு தரவுக் கோப்பு காணாது, ரெண்டு வேணும். அது உலகத்தை ஐந்து பாகைக்கு ஐந்து பாகை சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறது. 80 பாகை கிழக்கு நெடுங்கோடு யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சற்று மேற்கால் போகிறது. கோட்டை, நல்லூர், சாவகச்சேரி எல்லாம் ஒரு கோப்பில். ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் மற்றதில், கொழும்போட சேர்ந்து. ரெண்டையும் ஒருதரம் இறக்கி வைத்தால் சரி. பிறகு டேட்டா இல்லாமல், சிக்னல் இல்லாமல், நாங்கள் எங்க போறம் எண்டு ஒரு சேர்வருக்கும் சொல்லாமல் போனே வழியைக் கணிக்கும்.

வழி தேடும் கணக்கு பழையது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956 இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கஃபேயில் இருந்து, பேனை பேப்பர் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்தது அது. 1959 இல் அச்சில் வந்தது. ஆனால் கணக்கு மட்டும் இருந்து என்ன செய்ய? நிற்கிற இடம் தெரிய வேணும், றோட்டு தெரிய வேணும், மேடுபள்ளம் தெரிய வேணும். மூன்றுமே நெடுங்காலம் அரசுகளின், அதிலும் இராணுவங்களின் கையில் இருந்தவை.

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தினுடையது. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து விட்டார்கள், நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். அதே வருடம் பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 60 மீற்றர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டிக்கொண்டு 11 நாள் பறந்து, பூமியின் பெரும்பகுதி நிலத்தின் குத்துயரத்தை ரேடாரால் அளந்தது. அதில் நாசாவோடு பங்காளியாக இருந்தது அமெரிக்காவின் இராணுவ வரைபட முகவரகம். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த எங்களுக்கு 90 மீற்றருக்கு ஒரு புள்ளி மட்டும்தான் தந்தார்கள். 30 மீற்றர் தரவைத் திறக்கிற அறிவிப்பு வர 2014 ஆகிவிட்டது.

றோட்டு விசயம் பிரித்தானியாவில் வெடித்தது. அங்கே நில அளவை நிறுவனம் 1791 இல் பிரெஞ்சுப் படையெடுப்புப் பயத்தில் தொடங்கியது. இருநூறு வருடம் கழித்தும் அதன் தரவைக் காசு கட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மக்களின் வரியில் அளந்ததை மக்களுக்கே விற்கிறதா என்ற கோபத்தில்தான் 2004 இல் ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். 2006 மே மாதம் ஒரு வார இறுதியில் ஐல் ஒஃப் வைட் தீவுக்குத் தொண்டர்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய், ஓடித் திரிந்து றோட்டுகளைப் பதிந்தார்கள். அடுத்த வருடமே சைக்கிளுக்கென்று தனி வரைபடம் இந்தத் தரவிலிருந்து வந்துவிட்டது.

இதுக்குப் பிறகு ரெண்டு பாதை பிரிந்தது. 2008 இல் கார்ல்ஸ்றூ ஆய்வாளர்கள் குறுக்குவழிகளை முன்கூட்டியே கணித்து வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கண்டத்தையே கண்மூடித் திறக்கிறதுக்குள் கடக்கலாம். ஆனால் எது நல்ல றோட்டு என்பதை முன்னமே முடிவெடுத்துப் பூட்டிவிட வேண்டும். காருக்கு அது பரவாயில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த ஆர்ன்ட் பிரென்ஷெடே எழுதிய பி-ரவுட்டர் மற்றப் பக்கம் போனது. வேகம் குறைவு, ஆனால் எது நல்ல றோட்டு என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும், யாரும் திறந்து மாற்றலாம்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. பயணச் சைக்கிளுக்கான அமைப்பில் ஏற்றத்துக்கு விலை பூச்சியம். இறக்கத்துக்குத்தான் விலை: ஒரு மீற்றர் செங்குத்தாக இறங்கினால் சமதரையில் 60 மீற்றர் கூட ஓடினதாகக் கணக்கு. யோசித்தால் விளங்கும். பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு எந்த வழியால் போனாலும், ஏறினதில் இறங்கினதைக் கழித்தால் ஒரே விடைதான். வீணாக ஏறினால் அவ்வளவும் இறங்கித்தான் ஆக வேணும், ஒரு பக்கம் எண்ணினால் போதும். அதிலும் 1.5 சதவீதத்துக்குக் குறைந்த சரிவுக்குக் கட்டணம் இல்லை, ஏனெண்டால் அதில் பிரேக் பிடிக்காமல் உருளலாம், காலால் குடுத்த சக்தி திரும்பி வரும். பிரேக் பிடிக்கிற இடத்தில்தான் நட்டம். சைக்கிள் ஓடாத ஒருவருக்கு இப்படி எழுத வந்திருக்காது என்பது எங்கள் அபிப்பிராயம்.

குடாநாட்டில் இந்த நுணுக்கத்துக்கு வேலை குறைவு. இங்க எல்லாம் தட்டை. ரேடார் மரத்தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால், தரவில் தெரியிற மேட்டில் பாதி பனங்கூடலாகவும் இருக்கலாம். இங்க சைக்கிளை நிற்பாட்டுறது தரை. மழைக்குப் பிறகு செம்மண் ஒழுங்கையில் சில்லு புதையிறதை எந்த விண்ணோடமும் அளக்கவில்லை. மேலே சொன்ன அமைப்பு அடையாளப் பலகை போட்ட சைக்கிள் வழிகளுக்கு முன்னுரிமை குடுக்கும், அது ஜேர்மனிக்குப் பொருந்தும். எங்கட பக்கம் கனக்க ஒழுங்கைகளுக்குப் பெயரும் இல்லை, தரை என்ன மாதிரி என்ற குறிப்பும் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் மென்பொருள் ஊகிக்கும்.

ஆனால் அந்த அறிவு ஊரில் இருக்கிறது. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபோது சனத்துக்கு மிஞ்சினது சைக்கிள்தான். ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, இடம்பெயர்வுக்கு, எல்லாத்துக்கும். டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டதும் அந்தச் சைக்கிளில்தான். எந்த ஒழுங்கை எந்த வெளியில் போய் ஏறும், எது மாரியில் தாழும் எண்டு அந்த ஆக்களிட்டக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவினம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு ஒழுங்கைக்குத் தரையைக் குறிக்க ஒரு சொல் காணும்: தார், கொங்கிறீற், கிறவல், மண். வெள்ளம் நிற்கும் இடத்தைக் குறிக்கவும் வழி இருக்கு. சைக்கிளில் குடும்பத்தை ஏற்றி இழுத்த ஆக்களில் கனபேருக்கு இப்ப அறுபது, எழுபது வயது.