துப்பாக்கி யார் பொறுப்பில் இருந்தது?

2024 பிப்ரவரி 6 அன்று மிச்சிகன் மாநிலம் பான்டியாக் நகர நீதிமன்றத்தில், ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் சுடப்பட்ட நான்கு மாணவர்களின் சாவுக்கு ஒரு தாய் பொறுப்பு என்று ஜூரி ஒருமனதாகச் சொன்னது. சுட்டவர் அவரல்ல, அவருடைய 15 வயது மகன். மார்ச் 14 அன்று வேறொரு ஜூரி தந்தைக்கும் அதே தீர்ப்பை வழங்கியது. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோரே மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்படுவது அமெரிக்காவில் இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியது சரிதான். ஆனால் பிள்ளையின் குற்றத்துக்குப் பெற்றவரைச் சிறையில் போடும் யோசனையே புதிது என்று அதிலிருந்து புரிந்துகொண்டால் தவறு. அந்த யோசனைக்கு அங்கே நூற்றிருபது வயது. அதன் வரலாற்றைத் துருவினால் இரண்டு வழிகள் தென்படுகின்றன. பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று பெற்றோரைத் தண்டிப்பது ஒரு வழி. ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவைத்தார் என்று அதை வைத்திருந்தவரைத் தண்டிப்பது இன்னொரு வழி. அவர் பெற்றவரா மற்றவரா என்பது அங்கே பெரிதில்லை. முதல் வழியில் போனபோதெல்லாம் சட்டம் சறுக்கியது, பெரும்பாலும் ஏழைகள் மேலேயே விழுந்தது. பான்டியாக் தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். இரண்டாவது வழியில் வைத்துப் படித்தால் மட்டுமே அது நியாயம்.

முதல் வழி டென்வரில் தொடங்கியது. சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் வந்தது. அந்த அலையில் புகழ்பெற்றவர் டென்வர் நீதிபதி பென் லிண்ட்சி. திருடிய பையனைச் சிறைக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை, அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பெரியவரைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 1903-இல் கொலராடோ இயற்றிய சட்டம், சிறுவர் கெட்டுப்போகத் துணைபோகும் பெற்றோரையும் பிறரையும் குற்றவாளிகளாக்கியது. நல்ல நோக்கம்தான். குழந்தைக்குக் கருணை காட்ட வந்த சட்டம், மிச்சக் கோபத்தைப் பெற்றோர் பக்கம் திருப்பிவிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. ஆனால் ‘துணைபோவது’ என்றால் எது என்று எந்தச் சட்டமும் திட்டமாகச் சொல்லவில்லை. சாராயம் வாங்கி வரச் சொன்னதும் அதில் அடங்கும், இரவில் வெளியே விட்டதும் அடங்கும். எது குற்றம் என்பது அந்தந்த நீதிபதியின் மனத்தில் இருந்தது. 1948-இல் ஓஹையோவின் டொலிடோ நகரச் சிறார் நீதிபதி பால் அலெக்சாண்டர், தம் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பெற்றோரைத் தண்டித்துப் பார்த்த அனுபவத்தை அலசி, அதனால் சிறுவர் குற்றம் குறைந்ததற்கு அடையாளமே இல்லை என்று எழுதினார். எதிர்க்கட்சி வக்கீல் சொன்னதல்ல. தண்டித்த கையே எழுதியது.

அப்படியும் பாடம் நிலைக்கவில்லை. குற்றங்கள் பெருகி, தெருக் கும்பல்கள் மீது பயம் ஏறிய 1988-இல் கலிஃபோர்னியா தன் சட்டத்தை இறுக்கியது. பிள்ளையை நியாயமான அளவு கண்காணித்துக் கட்டுப்படுத்தத் தவறிய பெற்றோருக்கு ஓராண்டு வரை சிறை. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் அச்சட்டத்தின் கீழ் முதலில் கைதான தாய், பெற்றோர் பயிற்சி வகுப்புக்கு ஏற்கெனவே போய்வந்தவர் என்று பின்னர் தெரியவந்தது, வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் சட்டம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. மிச்சிகனிலேயே, பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் ரத்தம் சிந்திய மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில், செயின்ட் கிளேர் ஷோர்ஸ் என்ற சிறு நகரம் இப்படியொரு விதியை வைத்திருந்தது. 1996-இல் வீடு புகுந்து திருடிய ஒரு பையனின் பெற்றோருக்கு அதன்படி ஆளுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. பென்சில்வேனியாவில், பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வராததற்கான அபராதத்தைக் கட்ட முடியாமல் 2014-இல் இரண்டு நாள் சிறைக்குப் போன ஒரு தாய் சிறையிலேயே இறந்துபோனார். ஏழு பிள்ளைகளின் தாய் அவர். ‘பெற்றோர் பொறுப்பு’ என்ற முழக்கம் நடைமுறையில் யாருடைய கதவைத் தட்டும் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

இத்தனை சட்டமும் கையில் இருந்தபோதும், 1990-களில் பள்ளிகளில் தொடர்ந்து துப்பாக்கி வெடித்த காலத்தில் பெற்றோர் மீது கொலை சார்ந்த குற்றச்சாட்டு எழவில்லை என்பதே வியப்பு. 1998 மார்ச்சில் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் 13 வயதும் 11 வயதுமான இரு சிறுவர்கள் நான்கு மாணவிகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் ஒரு பையனின் வீட்டில் தந்தையின் இரும்புப் பெட்டகத்தைத் தீயால் சூடேற்றி உடைக்கப் பார்த்தார்கள். பெட்டகம் அசையவில்லை. பிறகு அதே பையனின் தாத்தா வீட்டுக்குப் போய் வேட்டைத் துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டு இரும்புக் கதவு தடுத்ததை இன்னொரு வீடு கொடுத்துவிட்டது. அன்றைய சட்டத்துக்கு இந்த இரண்டு வீடுகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஆரிகனின் ஸ்பிரிங்ஃபீல்டில் சுட்ட பையனுக்குத் துப்பாக்கி வாங்கித் தந்தவர் தந்தை. அவனோ பள்ளிக்குப் போகும் முன்பே தாயையும் தந்தையையும் கொன்றுவிட்டான். 1999-இல் கொலம்பைன் பள்ளியில் சுட்டவர்களுக்குத் துப்பாக்கி விற்றவன் சிறைக்குப் போனான். சுட்டவர்களின் பெற்றோரோ குற்ற வழக்கைச் சந்திக்கவில்லை. உரிமையியல் வழக்குகளில் வீட்டுக் காப்பீட்டுப் பணத்திலிருந்து இழப்பீடு போனது. 2014-இல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஸ்வில் பள்ளியில் நான்கு பேரைக் கொன்ற சிறுவனின் தந்தை இரண்டாண்டு சிறைக்குப் போனதும்கூட, துப்பாக்கி வைத்திருக்கும் தகுதி இழந்தவர் வைத்திருந்தார் என்பதற்காகவே.

காரணம் வெறும் இரக்கமில்லை. ஒருவன் தானாக முடிவெடுத்து, வேண்டுமென்றே ஒரு குற்றம் செய்தால், அதற்கு முன்னால் நடந்த வேறொருவருடைய கவனக்குறைவு அந்தச் சாவோடு சேராது, இடையில் சங்கிலி அறுந்துவிடும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபின் பழைய கொள்கை. அதனால்தான் 2000 பிப்ரவரி 29 அன்று மிச்சிகனின் ஃபிளின்ட் அருகே நடந்தது முக்கியமானது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், தான் தங்கியிருந்த வீட்டில் கிடைத்த கைத்துப்பாக்கியை வகுப்புக்குக் கொண்டுபோய், தன் வயதே ஆன சிறுமியைச் சுட்டான். அந்த வயதில் அவன் மீது எந்த வழக்கும் நிற்காது. துப்பாக்கியை அங்கே போட்டுவைத்திருந்த 19 வயது இளைஞன் மீது, நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது. வழக்கை எதிர்க்காமல் 2 முதல் 15 ஆண்டு வரையான தண்டனையை ஏற்றான். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பெற்றோர் மீது பாய்ந்ததும் இதே மாநிலத்தின் இதே குற்றம்தான். இந்த இளைஞன் அந்தச் சிறுவனைப் பெற்றவனில்லை, வளர்த்தவனுமில்லை. அவனுடைய வளர்ப்பைப் பற்றிப் பேச எவருக்கும் அவசியமே வரவில்லை. துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் போதுமாக இருந்தது. குழந்தை கையில் துப்பாக்கி கிடைக்கும்படி விட்டவரைத் தண்டிக்கும் சட்டத்தை ஃபுளோரிடா 1989-லேயே முதலில் கொண்டுவந்திருந்தது. மிச்சிகன் கொண்டுவரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு வழக்கு இந்த இரண்டாம் வழியை எங்கே நீட்டியது என்பதைப் பார்க்க, 2021 நவம்பரின் கடைசி ஐந்து நாட்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 26-ஆம் தேதி தந்தை மகனையும் கூட்டிக்கொண்டு போய் 9 மில்லிமீட்டர் சிக் சாவர் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். மறுநாள் தாய் அவனைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப்போனார். 29-ஆம் தேதி வகுப்பில் அவன் செல்பேசியில் தோட்டாக்களைத் தேடுவதை ஆசிரியை கண்டு பள்ளி தகவல் சொன்னபோது, தாய் மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியின் சாரம்: எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள். 30-ஆம் தேதி காலை கணக்குத் தாளில் அவன் ஒரு துப்பாக்கியும் குண்டடிபட்ட உடலும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பெற்றோர் வந்தார்கள். ஆலோசகரோடு நடந்த சந்திப்பு கால் மணி நேரம்கூட நீளவில்லை. பையனை வீட்டுக்கு அழைத்துப்போகவில்லை. நான்கு நாளுக்கு முன் வாங்கிய துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அவனுடைய பையைப் பள்ளியும் திறந்து பார்க்கவில்லை. பன்னிரண்டே முக்கால் மணி தாண்டியதும் சுடத் தொடங்கினான்.

அரசு வழக்குரைஞர் கேரன் மெக்டொனால்டு மூன்றே நாளில் பெற்றோர் மீது வழக்குத் தொடுத்தார். சங்கிலி அறுந்தது என்ற பழைய வாதத்தை 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இடையில் வந்த குற்றம் முன்கூட்டியே ஊகிக்கத்தக்கதாக இருந்தால் அது சங்கிலியை அறுக்காது என்றது. கூடவே, இந்த வழக்கின் உண்மைகள் வழக்கத்துக்கு மாறானவை என்றும் அடிக்கோடிட்டது. ஃபிளின்டில் சுட்டவன் விவரமறியாக் குழந்தை. இங்கே சுட்டவன் திட்டமிட்ட 15 வயதுக்காரன். அந்த இடைவெளியை நிரப்பியது எச்சரிக்கை: துப்பாக்கி புதிதாக வந்திருக்கிறது, பையன் சரியாக இல்லை என்று அன்று காலை எழுத்திலேயே தெரிந்திருக்கிறது, இரண்டையும் ஒருசேர அறிந்தவர்கள் உலகில் அந்த இருவர் மட்டுமே.

விசாரணையில் டென்வரின் ஆவியும் நுழையாமல் இல்லை. தாயின் திருமணத்துக்கு வெளியேயான உறவு, மகனைவிடக் குதிரைகளோடு அதிக நேரம் கழித்தார் என்ற பேச்சு எல்லாம் ஜூரியின் காதில் விழுந்தன. இவற்றுக்கும் நான்கு சாவுகளுக்கும் என்ன தொடர்பு? கெட்ட மனைவி, அலட்சியத் தாய் என்று காட்டினால் தண்டிப்பது எளிது; அந்த எளிமைதான் இந்த வகை வழக்கின் ஆபத்து. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு ஜூரியின் தலைவி சொன்னது வேறு: துப்பாக்கியைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த பெரியவர் அந்தத் தாய் என்பதே தங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. தந்தையின் வழக்கில் இறுதி வாதத்தின்போது மெக்டொனால்டு, துப்பாக்கியோடு கடையில் தரப்படும் கம்பிப் பூட்டை ஜூரியின் கண்முன் அதில் மாட்டிக் காட்டினார். சில விநாடி வேலை. அந்த வீட்டுப் பூட்டு உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

பையனைப் பெரியவனாகக் கருதி ஆயுள் சிறை கொடுத்துவிட்டு, அவன் சிறுவன் என்று பெற்றோரையும் பிடிப்பது முரண் இல்லையா என்று கேட்கிறார்கள். பெற்றோரை அவனுடைய குற்றத்துக்காகத் தண்டித்தால் முரண்தான்; தங்கள் அலட்சியத்துக்காகத் தண்டித்தால் இல்லை. அதனால்தான் அவர்கள் மீதான குற்றம் கொலை அல்ல, தண்டனையும் 10 முதல் 15 ஆண்டு. பள்ளியும் தவறியதே, அதை ஏன் விட்டார்கள் என்பது கனமான கேள்வி. பையைத் திறக்காதது மன்னிக்க முடியாத பிழை. ஆனால் துப்பாக்கி வாங்கிய செய்தி பள்ளிக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் மறைத்தார்கள். இந்தச் சட்டம் நாளை யார் மேல் விழும் என்ற அச்சத்துக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. 2023-இல் வர்ஜீனியாவில் ஆறு வயது மகன் ஆசிரியையைச் சுட்டதற்குத் தாய் மத்தியச் சிறை 21 மாதமும் மாநிலச் சிறை 2 ஆண்டும் பெற்றார். மத்திய வழக்கு, கஞ்சா பழக்கம் இருந்தும் துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. அதற்கு முந்தைய ஆண்டு இல்லினாயின் ஹைலேண்ட் பார்க் ஊர்வலத்தில் சுட்டவன் துப்பாக்கி அனுமதி கேட்டபோது கையெழுத்திட்ட தந்தைக்குக் கிடைத்ததோ 60 நாள். ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு மருந்து, வழக்கைத் துப்பாக்கி, எச்சரிக்கை என்ற இரண்டுக்குள் குறுக்குவதே. பெற்றோரின் குணத்தை விசாரிக்கத் தொடங்கினால் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போவோம்.

அச்சுறுத்தலால் பயனுண்டா என்றால், அபூர்வமாக வரும் சிறைத் தண்டனையைப் பார்த்து யாரும் பெட்டகம் வாங்குவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் பள்ளிகளில் சுட்டவர்களுடைய ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. 1974 முதல் 2000 வரையான 37 சம்பவங்களை ஆராய்ந்த அமெரிக்க ரகசிய சேவையும் கல்வித் துறையும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள் என்று கண்டன. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில் இது நான்கில் மூன்று பங்கு. ஜோன்ஸ்பரோவின் அந்த இரும்புப் பெட்டகம் விதிவிலக்கு.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிந்தைய வழக்குகள் ஒரே திசையில் போகவில்லை. டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளிச் சூட்டில், 2024 ஆகஸ்ட்டில் உரிமையியல் ஜூரி பெற்றோர் பொறுப்பில்லை என்றது. அடுத்த மாதமே ஜார்ஜியாவில் ஒரு தந்தை மீது இரண்டாம் நிலைக் கொலை வழக்கு. மகனின் இணைய மிரட்டல் குறித்துக் காவலர்கள் வீடு தேடி வந்து போன பிறகு அவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ரைஃபிள் தந்தார் என்பது குற்றச்சாட்டு. விஸ்கான்சினின் மேடிசனில் சுட்ட சிறுமியின் தந்தை மீது 2025-இல் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, சிறுவர் கெட்டுப்போகத் துணைபோனது. லிண்ட்சியின் 1903 குற்றம். இம்முறை பக்கத்திலேயே, 18 வயது நிரம்பாதவரிடம் ஆயுதம் தந்தார் என்ற குற்றமும் நின்றது. மிச்சிகனோ ஃபுளோரிடாவுக்கு முப்பத்தைந்து ஆண்டு பிந்திக் கண்விழித்தது. சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2024 பிப்ரவரி 13 அன்று, தாய்க்குத் தீர்ப்பு வந்த ஏழாம் நாள், அமலுக்கு வந்தது. பூட்டாத துப்பாக்கியை எடுத்துச் சிறுவர் எவரையேனும் கொன்றால், வைத்திருந்தவருக்கு 15 ஆண்டு வரை சிறை. ஆக்ஸ்ஃபோர்டு பெற்றோர் மீதான குற்றத்துக்கும் உச்சவரம்பு அதுவே. இனி அந்த மாநிலத்தில் வழக்குத் தொடுப்பவர் தாயின் குதிரைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பூட்டு இருந்ததா என்று கேட்டால் போதும்.