கிளையா

மூளையில் நரம்பணுக்களைச் சூழ்ந்து தாங்கும் துணைச் செல்களின் பொதுப்பெயர். கிரேக்க மொழியில் பசை என்று பொருள். 1856-இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ இவற்றை ‘நியூரோகிளையா’, அதாவது நரம்புப்பசை என்று குறித்தார். வெறும் ஒட்டுப்பொருளாகக் கருதி வைத்த பெயர். இந்தச் செல்கள் செய்யும் வேலைக்கு அது மிகவும் குறைவான பெயர் என்பேன்.

இவற்றுள் விண்மீன்போல் கைகளை விரித்திருப்பது ஆஸ்ட்ரோசைட். ‘ஆஸ்ட்ரான்’ விண்மீன், ‘கைட்டோஸ்’ உள்ளீடற்ற கலன். நச்சு வரும்போது முதலில் வீங்குவது பெரும்பாலும் இந்தக் கலன்தான். கல்லீரல் திடீரெனச் செயலிழந்தால், அது யூரியாவாக மாற்றியிருக்க வேண்டிய அம்மோனியா இரத்தத்தில் தேங்கி மூளைக்குள் நுழைகிறது. அதை மாற்றும் குளூட்டமின் சிந்தெட்டேஸ் நொதி மூளையில் முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்டில்தான் உண்டு. அது அம்மோனியாவைக் குளூட்டமேட்டுடன் சேர்த்துக் குளூட்டமினாக்குகிறது. நரம்பணு காப்பாற்றப்படுகிறது, ஆனால் செல்லுக்குள் சேர்ந்த குளூட்டமின் நீரை இழுக்கிறது. ஊறிய உளுந்துபோல் செல் பருக்கிறது. மண்டையோடு விரியாது, உள்ளழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்பட்ட கல்லீரல் நோயில் வீக்கம் மெல்லியது. குழப்பமும் உறக்கக் கேடுமாகத் தெரியும்.

காமாலையோ கல்லீரல் சுருக்கமோ உள்ளவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு தடுமாறினால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.