தீயை வென்ற பழைய வண்டிகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் கடலும் கைகோக்கும் இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. மீனுக்கும் இறாலுக்கும் பூநாரைகளுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரை வரலாறு வேறொரு வகையிலும் அறியும். தீயை மூட்டும் பொருளைச் செய்து கப்பலேற்றிய ஊர் அது. தீயை அடக்கும் கருவிகளைப் பற்றிப் பேச வந்த நான் அங்கிருந்து தொடங்குவது அதனால்தான்.

ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டு பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடமாக அது நெடுங்காலம் விளங்கிற்று. துணி வாணிகம் அவர்களுக்கு முதன்மையானது. அதனுடன் வெடிமருந்துத் தொழிலும் அங்கே நடந்தது. வெடியுப்பையும் கந்தகத்தையும் மரக்கரியையும் அரைத்துச் சேர்த்து ஆக்கிய மருந்து, கடல் கடந்து பத்தாவியா வரை சென்றது. ஒரு பொறி தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தகைய தொழிலுக்கு அருகில், ஓலைக் கூரையும் உலர்ந்த வலையும் மரப்படகும் கொண்டு வாழ்ந்தவர்கள் நம் மீனவ மக்கள்.

அதே பதினேழாம் நூற்றாண்டில், அந்த ஒல்லாந்தரின் தாய்நாட்டில் தீயை அடக்கும் கலையும் பெரிய மாறுதலை அடைந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹெய்டன் என்ற ஓவியர் இருந்தார். வீடுகளின் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியே தெரியும்படி தீட்டியவர் என்று அவரைக் கலைவாணர் போற்றுவர். அவரே தம் சகோதரருடன் சேர்ந்து 1672-இல் ஒரு புதிய தீயணைப்பு எஞ்சினை ஆக்கினார்.

அதற்கு முன்னும் எஞ்சின்கள் இருந்தன. ஒரு தொட்டி, அதனுள் நீரை மேலே தள்ளும் உருளைகள், மேலே உறுதியாகப் பொருத்திய உலோக மூக்கு: இவ்வளவுதான். மூக்கிலிருந்து பீறிடும் நீர் எட்ட வேண்டுமானால், எரியும் வீட்டின் வாயிலுக்கே வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும். கூரை சரிந்தால் வண்டியும் ஆட்களும் அதனடியில் அகப்படுவர். வான் டெர் ஹெய்டன் அந்த உலோக மூக்கை அகற்றிவிட்டு, நீண்ட தோற்குழாயைப் பொருத்தினார். வண்டி எட்ட நின்றது. குழாயைப் பிடித்தவர் மாடிப்படி ஏறி, தீயின் அடிமூலத்திற்கே நீரைக் கொண்டு சென்றார். கால்வாய் நீரைக் குழாய் வழியாக வண்டிக்குக் கொண்டு வரும் ஏற்பாட்டையும் அவர் செய்தார். இவற்றை விளக்கி, தம் கையாலேயே படங்களும் வரைந்து, 1690-இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று நம் தெருக்களில் விரையும் சிவப்பு வண்டிகளின் குழாய்க்கு அந்தத் தோற்குழாயே முன்னோடி.

அந்த எஞ்சினை இயக்கியது மனிதரின் தோள்வலி. நீண்ட கைப்பிடியின் இருபுறமும் ஆட்கள் நின்று, ஏற்றம் இறைப்பவர்போல மாறி மாறி அழுத்தினர். ஒருவர் தாளம் தவறினால் நீரின் வீச்சும் தளரும். நம் சிற்றூர்களில் தீப்பிடித்தால், குளத்திலிருந்தோ ஏரியிலிருந்தோ குடம் குடமாகக் கைமாற்றி நீர் கொண்டு வருவார்களே, அந்த வரிசையும் இத்தகையதுதான். எண்ணற்ற கைகள் ஒரே தாளத்திற்கு இணங்குவதுதான் தீயணைப்பின் உயிர்.

பின்னர் நீராவி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே 1914-இல், இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரில் ஜான் மாரிஸ் நிறுவனத்தார் கட்டிய ஒரு மோட்டார் தீயணைப்பு வண்டி, ஐதராபாத் நிஜாமின் ரெயில்வேக்கு வந்து சேர்ந்தது. அந்த வண்டி அழியவில்லை. புதுடெல்லியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரெயில் அருங்காட்சியகத்தில் அது போற்றி வைக்கப்பட்டது. தலைநகரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964 முதல் நடத்திவரும் பழைய மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பிலும் அது சாலையில் ஓடிக் காட்டியிருக்கிறது.

பழைய வண்டியை ஏன் இத்தனை பாடுபட்டுக் காக்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாளை நினைவுகூருங்கள். பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சு மூட்டைகளும் வெடிபொருள்களும் ஒரே கப்பலில் இருந்தன. குழாய்களை ஏந்தி அதன்மேல் நீரைப் பொழிந்துகொண்டிருந்த வீரர்கள், அது வெடித்தபோது ஓடி ஒளியவில்லை. அறுபத்தாறு தீயணைப்பு வீரர்கள் அன்று மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14-இல் நாடு அவர்களை நினைத்து வணங்குகிறது. பழைய வண்டியொன்றின் முன்னால் நிற்கும்போது, அதன் பித்தளையைத் துலக்கியவரும், மணியை அடித்தவரும், குழாயைத் தோளில் சுமந்தவரும் என் கண்முன் தோன்றுகின்றனர். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு; இவர்களுக்கு அந்த வண்டிதான் கல்வெட்டு.

ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால் மட்டும் ஒரு கருவி பிழைத்துவிடாது. தோல் உலர்ந்தால் வெடிக்கும்; பம்பு ஓடாவிட்டால் இறுகிவிடும். அமெரிக்காவில் பழைய தீயணைப்பு மோட்டார் வண்டிகளைக் காப்பதற்கென்றே 1958-இல் ஒரு சங்கம் தோன்றியது. இத்தகைய சங்கத்தார் ஒன்றுகூடும் நாள்களில் வண்டிகளை ஓட்டுவர். பம்புகளை இயக்கி நீரைப் பீய்ச்சுவர். முதியவரின் கைப்பழக்கம் அப்போது இளையவரின் கைக்கு மாறுகிறது. இரும்பைக் காப்பதுடன், அந்த இரும்பை ஆளும் அறிவையும் அவர்கள் காக்கிறார்கள்.

இந்தப் பாடம் பழவேற்காட்டுக்கும் பொருந்தும். டச்சுக்காரரின் கல்லறைகள் அங்கே தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கோட்டையோ புதருக்குள் புதைந்து கிடக்கிறது. ஆனால் ஏரியில் இன்னின்னார் இன்னின்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துக் கொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கத்தை, மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். கையாண்டதாலேயே அது நிலைத்தது. கட்டுமரத்தின் கதை வேறு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, நம் கடற்கரையில் அதன் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. புதிய படகு விரைவானது. மீனவருக்கு அது வேண்டியதே. ஆயினும் மரங்களைத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் பிணைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கைகள் ஓய்ந்தபின் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டுமரம் இருந்து என்ன பயன்?

மாணவர்களே, பழம்பொருள் காக்கும் சங்கம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டும் என்று எண்ணாதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு பழைய தீயணைப்பு வண்டியோ, படகோ, நெசவுத் தறியோ, செக்கோ இருக்கக்கூடும். அதை இயக்கத் தெரிந்த முதியவர் ஒருவரும் இருப்பார். நான்கு பேராகச் சேர்ந்து அவரிடம் செல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் கையைப் பார்த்து உங்கள் கையைப் பழக்குங்கள். அவர் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.