ராயக்கோட்டையைப் படம் பிடித்த மெழுகுத்தாள்

ஓசூர் என்றதும் சிப்காட் நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி என்றதும் மாம்பழமும் அணையும் நினைவுக்கு வரும். பக்கத்தில் இருக்கும் ராயக்கோட்டைக்கும் ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் தொடக்ககாலப் புகைப்படத் தொகுப்புகளில் ஒன்று அந்த ஊரின் பெயரைத் தாங்கி 1858-ல் வெளிவந்தது!

படங்களை எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1856-ல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரில் இருந்து கிளம்பினார். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டை, பிறகு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை வந்து சேர்ந்தார்.

அவர் முன் இருந்த முதல் கேள்வி, எதில் படம் எடுப்பது என்பதுதான். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் எடுத்தால் படம் மிகத் தெளிவாக வரும். ஆனால் தகட்டில் பூசிய கொலோடியன் காய்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு சீக்கிரம் காயும்! மேலும் கண்ணாடி கனமானது, வண்டிக் குலுக்கலில் உடையக்கூடியது.

ஆகவே பெரிய படங்களுக்கு டிரைப் பெரும்பாலும் மெழுகுத்தாளையே நம்பினார். 1851-ல் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே வெளியிட்ட முறை இது. தாளில் மெழுகு ஊறியதால் ஒளி எளிதில் ஊடுருவும். முன்கூட்டியே தயாரித்துக் காயவைத்து எடுத்துச் செல்லலாம். அன்று நெகட்டிவின் அளவுதான் படத்தின் அளவு. எனவே சுமார் 10-க்கு 14 அங்குலத் தாள்களைக் கொள்ளும் பெரிய கேமரா தேவைப்பட்டது.

குறைகளும் இருந்தன. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நடமாடும் மனிதர்கள் பதிவாக மாட்டார்கள். கோட்டையும் கோயிலும் பதிவாகும், அங்கே வாழ்ந்தவர்கள் மறைந்துபோவார்கள். அந்த ரசாயனம் நீல ஒளிக்கே அதிகம் வசப்படும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக வரும். அதனால் டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டினார். பழைய புகைப்படம் என்றாலே அப்படியே உண்மை என்று நம்பிவிட முடியாது!

1859-ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்தப் பணியை நிறுத்தச் சொன்னார். 1860-க்குள் எல்லாம் முடிந்தது. டிரைப் 1902-ல் காலமானார். 2014-15ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது.

இன்று அந்தப் படங்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. மூலப்படத்தை அடிக்கடி வெளிச்சத்தில் வைத்தால் மங்கிவிடும். ஸ்கேன் செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை, பெரிதாக்கியும் பார்க்கலாம். மாட்டு வண்டியில் ஊரைவிட்டுப் போன ராயக்கோட்டை, 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கணினித் திரை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் அதை ஒருமுறை காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!