கர்ப்பத்தடையிலிருந்து 'கு.க.' வரை

பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவதற்குத் தமிழில் முதலில் வழங்கிய பெயர் கர்ப்பத்தடை. பிறகு கர்ப்ப ஆட்சி, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம், கருத்தடை என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஊர்ப்பேச்சில் நின்றது குடும்பக் கட்டுப்பாடுதான், சுருக்கமாக 'கு.க.', அதுவும் அறுவைச் சிகிச்சை என்ற ஒரே பொருளில். பிரசவ வார்டில் ஒரு தாயிடம் "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?" என்று கேட்டால், மாத்திரையையோ காப்பர்-டியையோ பற்றிக் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பல முறைகளுக்குப் பொதுவான சொல் ஒரே முறைக்குப் பெயராகிப் போனதன் பின்னால் அரை நூற்றாண்டு அரசுக் கொள்கை இருக்கிறது.

சென்னையில் இந்தப் பேச்சு 1920களின் முடிவில் சூடு பிடித்தது. நீதிபதிகளும் வக்கீல்களுமாகச் சேர்ந்து நடத்திய நியோ-மால்தூசியன் லீக், மக்கள்தொகை பெருகினால் வறுமை பெருகும் என்ற கணக்கை முன்வைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் அதன் முக்கியப் புள்ளி. பம்பாயில் ர.தோ. கர்வே 1921இலேயே ஆலோசனை நிலையம் தொடங்கியிருந்தார். மைசூர் சமஸ்தானம் 1930இல் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தது.

பெரியார் வேறொரு வாசல் வழியாக இதற்குள் வந்தார். தாயின் உடல்நலத்துக்காக, குடும்ப வறுமை தீர, நாட்டின் நன்மைக்காக என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைத் தள்ளி வைத்துவிட்டு, பெண் விடுதலை பெறவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். பிள்ளை பெறுவதுதான் பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்பது அவர் வாதம். 1936இல் வெளிவந்த அவர் நூலுக்குத் தலைப்பே 'கர்ப்ப ஆட்சி'. தடை என்ற சொல்லில் இல்லாத ஓர் அதிகாரம் ஆட்சி என்ற சொல்லில் உண்டு, ஆள்பவள் பெண். பின்னால் வந்த எந்த அரசுச் சொல்லிலும் அந்த ஆளைக் காணோம்.

காந்தி எதிர்ப்பக்கம் நின்றார். 1935 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் சாங்கர் வார்தாவில் அவரைச் சந்தித்துப் பேசியும் அவர் அசையவில்லை. புலனடக்கம் ஒன்றே வழி, சாதனங்கள் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றார். அதே மாதக் கடைசியில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் சாங்கர் கலந்துகொண்டார். அங்கே அவர் பக்கம் ஆதரவு இருந்தது.

அன்றைய சாதனங்கள் இன்று பார்க்கையில் விசித்திரமாகத் தெரியும். கடற்பஞ்சு, ரப்பர் மூடி, விந்தணுவைக் கொல்லும் களிம்பு, நுரைக்கும் பொடி, ரப்பர் உறை ஆகியவையே அவை. பத்திரிகைகளில் நாசூக்கான வார்த்தைகளில் விளம்பரம் வரும். தபாலில் பொட்டலம் வரும். ரப்பர் மூடி பொருந்த மருத்துவர் அளவெடுக்க வேண்டும், கழுவி உலர்த்தி வைக்கத் தனி இடமும் தண்ணீரும் வேண்டும். ஒற்றை அறைக் குடிசையில் மாமியாரோடும் நான்கு பிள்ளைகளோடும் இருப்பவளுக்கு இவை எட்டாத பொருள்கள். ஆகவே கருத்தடை அப்போது பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களின் காரியமாக இருந்தது.

1952இல் இந்திய அரசு தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. உலகில் ஓர் அரசு இதைத் தன் கொள்கையாக எடுத்தது அதுவே முதல் முறை. சென்னை மாநிலத்தில் திட்டத்தை அறுவைச் சிகிச்சையின் பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர் ஆர்.ஏ. கோபாலசாமி ஐ.சி.எஸ். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர் அவர். மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை 'முன்யோசனையற்ற மகப்பேறு' என்று அந்த அறிக்கையில் பெயரிட்டார். பின்னர் மாநிலத் தலைமைச் செயலாளர் ஆனபோது, சாதனங்களை வாங்கிப் பாதுகாத்துத் தவறாமல் பயன்படுத்த ஏழைகளுக்கு வசதி இல்லை, ஒரே தடவையில் முடிகிற முறைதான் உதவும் என்ற முடிவுக்கு வந்தார். அறுவை செய்துகொள்பவருக்கு 30 ரூபாய் கொடுக்கும் வழக்கம் 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. ஆள் பிடித்து வரும் தரகருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் உண்டு. வாசெக்டமி செய்துகொண்ட ஆண்களே பலர் இந்த வேலையைப் பார்த்தார்கள். வயதானவர்களையும் கல்யாணமாகாதவர்களையும் கூட்டி வந்து கணக்குக் காட்டுவதாகப் புகார்கள் எழுந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் ஒன்று: அந்தக் காலத்தில் மேசையில் படுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வாசெக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம். விதைப்பையில் மரத்துப்போக ஊசி போட்டு, விந்து வரும் குழாயை வெட்டிக் கட்டினால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் தீர மூன்று மாதம் வரை ஆகும்; அதுவரை உறையோ வேறு முறையோ தேவை. இதைப் பொறுமையாகச் சொல்ல அறுவை முகாமில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. சொல்லாமல் விட்ட இடங்களில் மனைவி கர்ப்பமானபோது, பழி அவள் நடத்தையின் மேல் விழுந்தது.

1965இல் லூப் வந்தது. இரட்டை 'எஸ்' வடிவப் பிளாஸ்டிக் வளையம். கர்ப்பப்பையில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விட விரும்பியவர்களுக்குப் பொருத்தமான சாதனம்தான். கெடுத்தது அவசரம். உதிரப்போக்கு அதிகமாகலாம் என்று முன்கூட்டிச் சொல்லவோ, வந்தபின் பார்க்கவோ ஆள் இல்லாத இடங்களில் கூட்டம் கூட்டமாகப் பொருத்தினார்கள். கெட்ட பெயர் ஊர் ஊராகப் பரவியது. பின்னால் வந்த, அதைவிட நல்ல காப்பர்-டியும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று.

ஆணுறையின் கதை இன்னும் சுவையானது. அரசு விற்கப்போகும் உறைக்கு முதலில் யோசித்த பெயர் காமராஜ், அதாவது மன்மதன். அப்போது காங்கிரஸ் தலைவர் யார் என்பது நினைவுக்கு வந்ததும் பெயரை மாற்றினார்கள். 1968இல் நிரோத் சந்தைக்கு வந்தது: மூன்று உறைகள் 15 பைசா. டீத்தூளும் சோப்பும் சிகரெட்டும் கொண்டுபோகும் கம்பெனி வண்டிகளே பெட்டிக்கடை வரை அதையும் கொண்டுசேர்த்தன. சுவரெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணம், 'நாம் இருவர், நமக்கு இருவர்'.

முகாம்களின் உச்சம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில், ஒரே மாதத்தில், 60,000க்கும் மேற்பட்ட வாசெக்டமிகள். வந்தவர்களுக்குப் பணமும் பரிசுப் பொருள்களும். நெருக்கடி நிலையின்போது அதே முறை, குறிப்பாக வட மாநிலங்களில், கட்டாயமாக மாறியது. 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள், பெரும்பாலும் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் அரசு கவிழ்ந்தது. துறையின் பெயரும் 'குடும்ப நலம்' ஆனது. ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்று அரசியல்வாதிகள் கற்றுக்கொண்டார்கள். இத்தனை அறுவை என்ற இலக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை நிறைவேற்றும் பாரம் பெண்கள் மேல் ஏறியது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் பிரசவ வார்டு வழியாக நடந்தது. மருத்துவமனைப் பிரசவம் பெருகப் பெருக, இரண்டாவது குழந்தை பிறந்த சில நாள்களுக்குள், தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறிக் கருக்குழாயைக் கட்டிவிடுவது நடைமுறையானது. தாய் ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறாள், இன்னொரு தடவை வர வேண்டாம், வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டாம். நிர்வாகத்துக்கு வசதி, பல பெண்களுக்கும் நிம்மதி. கல்யாண வயது ஏறியதும், பெண் படிப்பும், கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக வந்ததும் சேர்ந்து, 1990களின் தொடக்கத்திலேயே மாநிலத்தின் மகப்பேறு விகிதம் பெண்ணுக்கு 2.1 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மத்திய அரசு இலக்குகளைக் கைவிட்டதோ 1996இல்தான்.

இதில் அடிபட்டுப்போனவை இடைவெளிக்கான முறைகளும் வாசெக்டமியும். தினமும் போடும் மாலா-டி மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும் பிறகு வாரம் ஒன்றுமாக விழுங்கும், லக்னோ ஆய்வகத்தில் உருவாகி 1991இல் வெளிவந்த ஹார்மோன் இல்லாத சஹேலி, பத்தாண்டு வரை இருக்கும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போடும் அந்தரா ஊசி, தழும்பில்லாத நவீன வாசெக்டமி என்று இன்று கேட்டால் கிடைப்பவை பல. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேர்ந்தது குழாய்க் கட்டு. ஆண் அறுவை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பலர் முப்பது வயதுக்கு முன்பே, வேறெந்த முறையையும் ஒருமுறைகூடப் பயன்படுத்திப் பார்க்காமல், அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.